காலை ஆறு மணிக்கு நான் தூங்கிக்கொண்டிருப்பேன்

மார்கழி மாதம் முழுக்க என் தளத்தில் விடியற்காலை ஐந்தரைக்கு ஒரு திருப்பாவைப் பாசுரமும், அதற்கு நான் எழுதிய நாலு பத்திக் குறிப்பும் வந்துவிடும். "இந்தக் குளிரில் எழுந்து உட்கார்ந்து எழுதுகிறீர்களே அம்மா, உங்களுக்குத்தான் பெருமாள் கொடுப்பார்" என்று ஒரு பெரியவர் வருடா வருடம் பின்னூட்டம் போடுகிறார். பெருமாள் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை. ஆனால் நான் எழுந்திருப்பதில்லை. அந்தக் குறிப்புகள் எல்லாம் ஐப்பசி, கார்த்திகை ஞாயிறு மதியங்களில், சாப்பிட்டு முடித்த கையோடு, பாதி தூக்கக் கலக்கத்தில் எழுதியவை. தேதியும் மணியும் குறித்து ஷெட்யூல் செய்துவிட்டால் போதும், அதது தன் நாளில் தானாகப் போய் நிற்கும். ஐந்தரை மணிக்கு நான் போர்வைக்குள்தான்.

இதைச் சொன்னால் சிலருக்கு முகம் சுருங்கிவிடுகிறது. எழுதினோமா, பொத்தானை அழுத்தினோமா, சுடச்சுட நாலு பேர் வந்து திட்டினார்களா என்று இருப்பதல்லவா வலைப்பதிவு, நேரம் குறித்து வெளியிட்டால் அதில் என்ன உயிர் இருக்கும் என்பார்கள். நானும் ஒரு காலத்தில் அந்தக் கட்சிதான். இப்போது நேர் எதிர்க்கட்சி.

அச்சில் இது ஒரு விஷயமே இல்லை. தீபாவளி மலருக்குக் கதை எழுதுகிறவர் ஆடியிலோ ஆவணியிலோ வேர்த்து வழிய உட்கார்ந்துதான் ஐப்பசி மழையையும் எண்ணெய்க் குளியலையும் எழுதிக் கொடுக்கிறார். வார இதழின் அட்டையில் இருக்கும் தேதி, இதழ் கடைக்கு வரும் நாளைவிடச் சில நாள் தள்ளியே இருக்கும். சிவகாசியில் ஆடிப்பெருக்கு அன்றே அடுத்த வருடக் காலண்டருக்கான மாதிரி ஆல்பத்தை வெளியிட்டு ஆர்டர் பிடிக்க ஆரம்பித்துவிடுவார்கள். பஞ்சாங்கமோ வருடம் முழுவதற்குமான கிரகணங்களைச் சித்திரை பிறக்கும் முன்பே அச்சடித்துக் கையில் கொடுத்துவிடுகிறது. இவர்களை யாரும் உயிர் இருக்கிறதா என்று கேட்பதில்லை.

ஒரு வித்தியாசம் உண்டு. பத்திரிகையில் எழுதியவருக்கும் வாசகருக்கும் நடுவில் ஆட்கள் இருக்கிறார்கள். உதவி ஆசிரியர் ஒருவர் "இந்தப் பத்தி எதுக்கு சார்?" என்பார். மெய்ப்புப் பார்க்கிறவர் ஒற்றுப்பிழை திருத்துவார். பக்கம் போடுகிறவர் இடமில்லை என்று கடைசி எட்டு வரியை வெட்டுவார், கதை அதனாலேயே பிழைத்துக்கொள்ளும். தனியாகத் தளம் நடத்துகிறவளுக்கு இவர்கள் யாரும் கிடையாது. எழுதிய சூட்டில் எல்லா வரியும் நன்றாகத்தான் தெரியும். ஞாயிறு எழுதியதை செவ்வாய்க்கு ஷெட்யூல் செய்தால், நடுவில் இருக்கும் திங்கட்கிழமைதான் எனக்கு உதவி ஆசிரியர். வாசகர் எந்த நேரத்தில் வருகிறார் என்ற கணக்கெல்லாம் எனக்கு அப்புறம்தான்.

அந்தத் திங்கட்கிழமை என்ன செய்யும் என்பதற்கு ஓர் உதாரணம். 'ஆழிமழைக் கண்ணா' நான்காம் பாசுரம். மேகம் கடலுக்குள் புகுந்து நீரை முகந்துகொண்டு மேலே ஏறி, பெருமாளின் மேனிபோல் கறுத்து, கையில் உள்ள சக்கரம்போல் மின்னி, சங்குபோல் அதிர்ந்து, சார்ங்கத்திலிருந்து புறப்பட்ட அம்புமழைபோல் பொழிய வேண்டும் என்கிறாள் ஆண்டாள். நான் குறிப்பு எழுதிய அன்று வெளியே நல்ல மழை. உற்சாகத்தில் கடல் நீர் ஆவியாவது, குளிர்ந்து துளியாவது, வடகிழக்குப் பருவக்காற்று என்று அரைப் பக்கம் ஓட்டிவிட்டேன். ஆண்டாளுக்கு அறிவியல் தெரியும் என்று நிரூபித்தாக வேண்டிய வழக்கமான தமிழ் வியாதி. மறுநாள் பஸ்ஸில் போனில் திறந்து படித்தபோது, அந்த அரைப் பக்கம் கட்டைவிரலால் தள்ளத் தள்ள முடியவே இல்லை. பாசுரத்தில் மழை மூன்று வினைச்சொல்லில் நடந்து முடிந்துவிடுகிறது, நான் முப்பது வரி இழுத்திருக்கிறேன். இரண்டு வரி மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை எடுத்துவிட்டேன். உடனே வெளியிட்டிருந்தால் பின்னூட்டத்தில் "அருமையான விளக்கம்" என்று நாலு பேர் சொல்லியிருப்பார்கள், அதுவும் அப்படியே நின்றிருக்கும்.

போனில் படிப்பது முக்கியம். எழுதிய திரையிலேயே திரும்பப் படித்தால் கண் தன் ஞாபகத்தைத்தான் படிக்கும், எழுத்தை அல்ல. சின்னத் திரையில் நீளமான பத்தி தன்னால் மாட்டிக்கொள்ளும். "மிகவும்", "உண்மையிலேயே", "சொல்லப்போனால்" மூன்றும் முதல் வாசிப்பிலேயே விழும். அதற்கு அடுத்தபடி விழுவது பெரும்பாலும் முதல் பத்தி.

திருப்பாவை மாதிரி நாள்கணக்கில் ஓடும் தொடருக்கு ஷெட்யூல் செய்யாமல் முடியவே முடியாது. அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது, புதிதாகத் தொடர் போடுகிறவர்கள் கவனிக்க வேண்டும். பாசுரம் முப்பது. மார்கழி எல்லா வருடமும் முப்பது நாள் இல்லை. 2023-இல் மார்கழி பிறந்தது டிசம்பர் 17, பொங்கல் 2024 ஜனவரி 15. இருபத்தொன்பது நாள்தான். 2024-இல் டிசம்பர் 16-இல் பிறந்து ஜனவரி 14-இல் தை வந்துவிட்டது, அப்போதும் இருபத்தொன்பது. 2025-இல் டிசம்பர் 16-இலிருந்து 2026 ஜனவரி 14 வரை முழு முப்பது. குறைந்த வருடங்களில் கடைசி நாள் இரண்டு பாசுரத்தையும் சேர்த்துச் சேவித்துவிடுவார்கள். டிசம்பர் 16 என்று கண்ணை மூடிக்கொண்டு முதல் பதிவுக்குத் தேதி போட்டுவிட்டு வரிசையாக அடுக்கிக்கொண்டே போனால், இருபத்தேழாம் பாசுரத்துக்குரிய கூடாரவல்லி அன்று ஊரே அக்காரவடிசலில் நெய்யை முழங்கை வரை வழிய விட்டுக்கொண்டிருக்க, உங்கள் தளத்தில் இருபத்தெட்டாம் பாசுரம் வந்து நிற்கும். அல்லது தை பிறந்த பிறகும் பாவை நோன்பு நடந்துகொண்டிருக்கும். காலண்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஷெட்யூல் செய்யுங்கள்.

இனி இயந்திரத்தின் கதை.

இலவசமாக வலைப்பதிவு நடத்த இடம் தரும் பிளாக்கர் 1999-இல் தொடங்கியது, 2003-இல் கூகுள் வாங்கியது. ஆனால் குறித்த நேரத்தில் பதிவு தானே வெளியாகும் வசதி 2008-இல்தான் அதற்கு வந்தது. அதற்கு முன்னால் வருங்காலத் தேதி போட்டு வெளியிட்டால் பதிவு அப்போதே வெளியே வந்துவிடும், தேதி மட்டும் வருங்காலத்தைக் காட்டும். எது பின் தேதியோ அது மேலே நிற்கும் என்பதால் "தளத்துக்கு நல்வரவு" வகைப் பதிவுகளுக்கு ஐந்து வருடம் தள்ளித் தேதி போட்டு உச்சியில் உட்காரவைக்கிற தந்திரம் அந்தக் காலத்தில் பலருக்கும் தெரியும். 2012-ஆம் வருடத் தேதியோடு 2007-இல் பதிவு படித்தவர்கள் இருக்கிறோம்.

இப்போது வேலை சுலபம். எழுதும் பக்கத்தின் வலப்புற அமைப்புகளில் வெளியிடும் தேதியைத் தானியங்கி என்பதிலிருந்து மாற்றி, நாளும் மணியும் கொடுத்து, வெளியிடும் பொத்தானை அழுத்தினால் அது வரிசையில் போய்விடும். அழுத்தாமல் விட்டால் வெறும் ட்ராஃப்ட்தான், வெளியே வராத வரைவு. ஆறு மணிக்கு ஒன்றும் நடக்காது.

இரண்டு பள்ளங்கள் உண்டு. முதலாவது நேர மண்டலம். பழைய பிளாக்கர் தளங்கள் பலவற்றில் தொடக்கத்திலேயே அமெரிக்காவின் பசிபிக் நேரம் உட்கார்ந்திருக்கும், நாமாகப் போய் மாற்றினால்தான் உண்டு. மாற்றாமல் காலை ஆறு மணி என்று கொடுத்தால், குளிர்காலத்தில் அது இங்கே இரவு ஏழரை. மார்ச்சிலிருந்து நவம்பர் வரை அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளி வைப்பதால் இங்கே மாலை ஆறரை. 'இனிய பொங்கல் காலை வணக்கம்' என்று இரவு ஏழரைக்கு வரும் பதிவுகளுக்குக் காரணம் இதுதான், சோம்பேறித்தனம் அல்ல. வலைத்தளம் நடத்தும் இன்னொரு மென்பொருளான வேர்ட்பிரஸைச் சொந்தமாக நிறுவியவர்களுக்கு வேறு மாதிரி. அதில் மாற்றாவிட்டால் யூடிசி, அதாவது லண்டனின் குளிர்கால நேரம். காலை ஆறு என்று கொடுத்தது பதினொன்றரைக்கு வரும். பொது அமைப்புகளில் கொல்கத்தா என்று தேர்ந்தெடுத்துவிட்டால் தீர்ந்தது. இலங்கையில் இருப்பவர்கள் கொழும்பு என்று வைப்பார்கள், இப்போது இரண்டும் ஒரே நேரம்தான். 1996-இலிருந்து 2006 ஏப்ரல் வரை அப்படி இல்லை. மின்சாரம் மிச்சம் பிடிக்க இலங்கை கடிகாரத்தை முன்தள்ளி வைத்திருந்த காலம் அது. முதலில் ஒரு மணி நேரம், பிறகு அரை மணி. அந்தப் பத்து வருடமும் வடக்கில் புலிகள் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் பழைய நேரமே ஓடியது. ஒரே தீவில் இரண்டு மணி.

நேரத்தைச் சரியாக வைத்தாலும் யாருக்கு எப்போது விடிகிறது என்பது வேறு கேள்வி. இந்தியக் காலை ஆறு மணி என்பது சிங்கப்பூரில் எட்டரை, லண்டனில் நள்ளிரவு தாண்டிய நேரம், டொரொண்டோவில் முந்தைய நாள் இரவு ஏழரை அல்லது எட்டரை. என் தளத்துக்கு டொரொண்டோவிலிருந்து நிறையப் பேர் வருகிறார்கள். என் செவ்வாய்க்கிழமைப் பதிவை அவர்கள் திங்கள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு படிக்கிறார்கள். "எந்த நேரத்தில் வெளியிட்டால் அதிகம் பேர் படிப்பார்கள்" என்று அட்டவணை போட்டு விற்கிற கட்டுரைகளை நான் நம்புவதில்லை. அமெரிக்காவின் ஏதோ ஒரு கடற்கரையை மனதில் வைத்து எழுதியதை நம் ஆட்கள் அப்படியே மொழிபெயர்த்துப் போடுகிறார்கள். பல வலைப்பதிவுகளின் புதுப் பதிவுகளை ஒரே இடத்தில் காட்டும் திரட்டிகள் கொடிகட்டிப் பறந்த காலத்தில், வார நாட்களில் அலுவலகம் திறந்த உடனே போட்டால் கூட்டம் வரும் என்பது எல்லாருக்கும் தெரிந்த ரகசியம். அது ஆபீஸ் கம்ப்யூட்டரில் வலைப்பதிவு படித்த தலைமுறை. இப்போது எல்லார் கையிலும் போன் இருக்கிறது, எப்போதும் படிக்கிறார்கள், அல்லது எப்போதும் படிப்பதில்லை.

இரண்டாவது பள்ளம் தமிழில் தலைப்பு வைக்கிறவர்களுக்கு மட்டுமே உள்ளது. பிளாக்கர் தலைப்பில் உள்ள ஆங்கில எழுத்துகளைக் கொண்டுதான் பதிவின் முகவரியை உருவாக்கும். தலைப்பு முழுக்கத் தமிழ் என்றால் அதற்குக் கிடைப்பது ஒன்றுமில்லை. உடனே 'பிளாக்-போஸ்ட்' என்று பொதுவாக ஒரு பெயர் சூட்டி, பின்னால் ஓர் எண்ணை ஒட்டிவிடும். தமிழ்ப் பதிவுகள் பலவற்றின் முகவரிகள் இந்தப் பெயரில்தான் திரிகின்றன. கண்ணகியும் கத்தரிக்காய்க் கூட்டும் ஒரே பெயரில், எண் மட்டும் வேறு. வெளியாகி நிற்கும்போது இதை மாற்ற முடியாது. ஆகவே வரிசையில் நிறுத்தும்போதே ஆங்கில எழுத்தில் ஒரு முகவரியை நாமே கொடுத்துவிட வேண்டும். தூங்கப் போகும் அவசரத்தில் ஷெட்யூல் செய்தால் முதலில் விட்டுப்போவது இதுதான்.

வேர்ட்பிரஸில் இதைவிட வேடிக்கையான ஒன்று உண்டு. அதில் நேரம் பார்த்து வேலையைச் செய்யும் பகுதிக்கு டபிள்யூபி-கிரான் என்று பெயர். யுனிக்ஸ் கணினிகளில் குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் கிரானின் பெயரைத்தான் எடுத்துக்கொண்டார்கள், குணத்தை எடுத்துக்கொள்ளவில்லை. யுனிக்ஸ் கிரான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும். டபிள்யூபி-கிரான் தானாக விழிக்காது. யாராவது தளத்துக்கு வந்து ஒரு பக்கத்தைத் திறக்கும்போதுதான் "நேரம் கடந்த வேலை ஏதாவது இருக்கிறதா?" என்று பார்க்கும். நாளுக்கு ஆயிரம் பேர் வரும் தளத்தில் இது தெரியவே தெரியாது. எட்டுப் பேர் வரும் தளத்தில் ஆறு மணிப் பதிவு, முதல் வாசகர் ஒன்பதேமுக்காலுக்கு எட்டிப்பார்க்கும்வரை உள்ளேயே காத்திருக்கும். பக்கங்களைச் சேமித்து வைத்து வேகமாகக் கொடுக்கும் கேஷ் வசதியைப் போட்டிருந்தால் இன்னும் மோசம். வாசகர் வந்தாலும் அவருக்குச் சேமித்த பக்கமே போய்விடும், உள்ளே இருக்கும் நிரல் ஓடுவதே இல்லை. டேஷ்போர்டில் பதிவின் பெயருக்குப் பக்கத்தில் நேரம் தவறியது என்று ஒரு குறிப்பு சிவப்பாக நிற்கும். இதற்குத் தீர்வு, அமைப்புக் கோப்பில் ஒரு வரி எழுதி டபிள்யூபி-கிரானின் இந்தப் பழக்கத்தை நிறுத்திவிட்டு, சர்வரின் நிஜக் கிரானைக் கொண்டு ஐந்து நிமிடத்துக்கோ பதினைந்து நிமிடத்துக்கோ ஒருமுறை அதைத் தட்டி எழுப்புவது. இடம் கொடுத்த நிறுவனத்தின் உதவி எண்ணில் கேட்டால் பெரும்பாலும் செய்துகொடுப்பார்கள். இதுவும் சொந்தமாக நிறுவியவர்களுக்குத்தான்.

இன்னொன்று. வேர்ட்பிரஸில் ஏற்கெனவே வெளியான பதிவின் தேதியை வருங்காலத்துக்கு மாற்றினால் அது மீண்டும் வரிசைக்குப் போய்விடும், அதாவது தளத்திலிருந்து மறைந்துவிடும். வருடத்தை மாற்றி அடித்துவிட்டு "என் பதிவைக் காணோம்" என்று பதறுகிறவர்களை எனக்குத் தெரியும்.

அப்புறம், எதை எழுதினாலும் ஒரு பிரதி உங்கள் கணினியில் இருக்கட்டும். 2011 மே மாதம் பிளாக்கர் ஏறக்குறைய ஒரு நாள் முடங்கியது. பராமரிப்பு வேலையில் ஏற்பட்ட கோளாறு. அதற்கு முந்தைய நாளில் ஏறிய பதிவுகளைத் தற்காலிகமாக எடுத்துவிட்டார்கள். பிறகு பெரும்பாலானவை திரும்பி வந்தன. வரும்வரை எழுதியவர்கள் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டியதில்லை.

இயந்திரம் சரியாக வேலை செய்வது பாதிக் கதைதான். அது மிகச் சரியாக வேலை செய்வதுதான் சில சமயம் தொல்லை.

பண்டிகை வாழ்த்தை எடுத்துக்கொள்ளுங்கள். பொங்கல், தீபாவளிக்குப் பஞ்சாங்கம் போதும். ரம்ஜானுக்குப் போதாது. பிறை தெரிய வேண்டும். தலைமை காஜி அறிவிக்க வேண்டும். 2024-இல் கேரளத்தில் ஏப்ரல் 10 அன்று பெருநாள், தமிழ்நாட்டில் ஏப்ரல் 11. பத்தாம் தேதிக்கு வாழ்த்தை ஷெட்யூல் செய்திருந்தால் அது பாலக்காட்டில் சரியான நாளிலும், ஐம்பது கிலோமீட்டர் தள்ளிக் கோயம்புத்தூரில் நோன்போடு இருப்பவருக்கும் போய்ச் சேர்ந்திருக்கும். ரம்ஜான், பக்ரீத் இரண்டையும் நான் எழுதி ட்ராஃப்டில் மட்டும் வைப்பேன். முந்தைய இரவு செய்தி பார்த்துவிட்டு, கையால் அழுத்தி வெளியிடுவேன்.

சமையல் குறிப்பு எந்தக் காலத்துக்கும் பொருந்தும், எவ்வளவு முன்னாலும் ஷெட்யூல் செய்யலாம் என்று நினைப்போம். 2023 மே மாதத்தில் தக்காளி கொட்டிக் கிடந்தது, விவசாயிகள் பறிகூலிகூடக் கட்டவில்லை என்றார்கள். அந்த நேரத்தில் தக்காளித் தொக்கு ஒன்று எழுதி, ஜூலைக்கு வரிசையில் வைத்தேன். "மலிந்த நேரத்தில் ஐந்து கிலோ வாங்கிக்கொள்ளுங்கள்" என்று அதில் ஒரு வரி. ஜூலையில் தக்காளி கிலோ நூறைத் தாண்டியது, ரேஷன் கடையில் அறுபது ரூபாய்க்குக் கொடுத்தார்கள். வாராவாரம் வரிசையைத் திறந்து பார்க்கும் பழக்கத்தால் அந்த வரி கண்ணில் பட்டது, பதிவைத் தைக்குத் தள்ளினேன். அன்றிலிருந்து விலை, வெயில், "நேற்று", "இந்த வாரம்", "இப்போதுதான் பார்த்தேன்" எதுவும் ஷெட்யூல் பதிவுகளில் எழுதுவதில்லை. அந்தச் சொற்கள் வந்தே ஆக வேண்டிய விஷயம் என்றால் அன்றன்றே எழுதி அன்றன்றே வெளியிடுகிறேன்.

தக்காளி சிரித்துவிட்டுப் போகிற விஷயம். 2023 டிசம்பர் முதல் வாரம் அப்படி இல்லை. மூன்றாம் தேதி ஞாயிறு இரவு தொடங்கி நாலாம் தேதி முழுக்க மிக்ஜாம் புயல் மழை சென்னையைப் புரட்டிப் போட்டது. வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர், பெரும்பாக்கம் பக்கமெல்லாம் வீட்டுக்குள் தண்ணீர். விமான நிலையமே மூடப்பட்டது. எங்கள் தெருவில் திங்கள் காலையிலேயே மின்சாரம் போய்விட்டது. கீழ்த்தளத்து வீட்டுக்காரர்கள் கட்டிலோடு மேலே வந்துவிட்டார்கள். இந்தக் களேபரத்தில் இரவு எட்டு மணி சுமாருக்கு எனக்கு ஞாபகம் வருகிறது: செவ்வாய்க்கிழமை, ஆறு மணிக்கு, ஒரு பதிவு இருக்கிறது. வாழைக்காய் பஜ்ஜி. முதல் வரி, "மழை வந்துவிட்டால் எங்கள் வீட்டில் கொண்டாட்டம்தான்".

மழைக்காலத்துக்கு மழைப் பதிவு, பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த தேதி. போனில் நெட் இல்லை. நிறுத்தியே ஆக வேண்டிய நேரத்தில்தான் நிறுத்த வழி இருக்காது என்பதை அன்று இருட்டில் நின்று கற்றேன். அந்த எட்டு மணி இருட்டில் அதைவிட முக்கியமான கவலைகள் இருந்தன என்பதும் உண்மைதான். ஆனாலும் பெரும்பாக்கத்தில் மொட்டை மாடியில் உட்கார்ந்திருக்கும் ஒரு வாசகி அதைப் படிப்பாள் என்ற நினைப்பு போகவில்லை. மாடிப்படித் திருப்பத்தில் ஒரு நிமிடம் டவர் கிடைத்தது. கோயம்புத்தூரில் இருக்கும் சித்தி மகளைக் கூப்பிட்டேன். தளத்தின் நிர்வாக அனுமதி அவளுக்கும் கொடுத்து வைத்திருந்தேன், சும்மா ஒரு பாதுகாப்புக்கு.

"அக்கா, எப்படி இருக்கீங்க? தண்ணி உள்ள வந்துடுச்சா?"

"எங்களுக்கு வரல. நாளைக்குக் காலைல ஒரு போஸ்ட் இருக்கு பாரு, பஜ்ஜி."

"இப்பப் போய் பஜ்ஜியா?"

"அதான் சொல்றேன். எடுத்துடு."

"டெலிட் பண்ணிடட்டுமா?"

"டெலிட் வேண்டாம்டி, ட்ராஃப்டுக்கு..."

லைன் போய்விட்டது. அவள் ட்ராஃப்டுக்கு மாற்றியிருக்கிறாள் என்பது நெட் வந்த பிறகுதான் தெரிந்தது. அடுத்து வெள்ளிக்கிழமைக்கு இருந்த பதிவையும் அவளாகவே நிறுத்தியிருந்தாள். அது ஒரு புத்தக அறிமுகம், அதில் ஆட்சேபிக்க ஒன்றுமில்லை. "சென்னையில இருந்து யாருமே பேசல, நீங்க மட்டும் கரெக்டா ஆறு மணிக்குப் புக் ரிவ்யூ போட்டா நல்லா இருக்காதுக்கா" என்றாள். அவள் சொன்னது சரி. பதிவில் தப்பு இல்லை, வந்து நிற்கும் நேரம்தான் கல்நெஞ்சாகத் தெரியும்.

பெரிய நிறுவனங்களுக்கும் இது நடந்திருக்கிறது. 2013 ஜனவரியில் பிரிட்டனில் டெஸ்கோ கடைகளில் விற்ற மாட்டிறைச்சி பர்கரில் குதிரை இறைச்சி இருப்பது தெரிந்து நாடே கொதித்துக்கொண்டிருந்தபோது, அவர்கள் ட்விட்டர் கணக்கில், தூங்கப் போகிறோம், வைக்கோலில் விழப்போகிறோம் என்ற பொருளில் ஒரு வரி வந்தது. ஆங்கிலத்தில் படுக்கப் போவதைச் சாதாரணமாக அப்படிச் சொல்வார்கள். குதிரை விவகாரம் நடக்கும்போது வைக்கோல் என்றால் கிண்டலாகத்தானே படும். விவகாரம் வெடிக்கும் முன்பே ஷெட்யூல் செய்தது என்று விளக்கம் சொல்லி மன்னிப்புக் கேட்டார்கள்.

முன்கூட்டி எழுதுவதன் எல்லை எது என்று பார்த்தால் அது மரணம்தான். பெரிய செய்தித்தாள்கள் பிரபலங்களின் இரங்கல் கட்டுரைகளை அவர்கள் உயிரோடு இருக்கும்போதே எழுதி வைத்துக்கொள்கின்றன. 2011 மார்ச்சில் நடிகை எலிசபெத் டெய்லர் இறந்தபோது நியூயார்க் டைம்ஸில் வந்த விரிவான இரங்கல் கட்டுரையை எழுதியவர் மெல் கஸ்ஸோ. அவர் 2005-லேயே காலமாகிவிட்டார். எழுதியவருக்கு ஆறு வருடம் பின்னால் போனார் எழுதப்பட்டவர். எதிர்ப்பக்கமும் உண்டு: 2008 ஆகஸ்டில் ப்ளூம்பெர்க் செய்தி நிறுவனம் தயாராக வைத்திருந்த ஸ்டீவ் ஜாப்ஸ் இரங்கல் குறிப்பு தவறுதலாக வெளியே போய்விட்டது. அவர் 2011 அக்டோபர் வரை இருந்தார்.

இதில் எனக்கு மறக்காதது கனடாவின் வான்கூவர் பக்கத்தில் இருந்த டெரெக் மில்லர் என்ற வலைப்பதிவர். குடல் புற்றுநோயோடு சில வருடம் வாழ்ந்தார், அதைப் பற்றித் தன் தளத்தில் வெளிப்படையாக எழுதினார். தான் இறந்த பிறகு வெளியிடச் சொல்லி ஒரு பதிவையும் எழுதி வைத்துவிட்டுப் போனார். 2011 மே 3 அன்று இறந்தார், அடுத்த நாள் பதிவு வந்தது. நான் இறந்துவிட்டேன், இது என் கடைசிப் பதிவு என்று தொடங்கும் அதைப் படிக்க அத்தனை பேர் வந்ததில் தளமே திணறியது. நான் கவனித்தது வேறு. அவர் அதற்கு ஒரு தேதியைக் குறித்து இயந்திரத்திடம் விடவில்லை. நாள் தெரியாதே. வேண்டியவர்களிடம் கொடுத்துவிட்டுப் போனார். வெளியிட்டது ஒரு மனிதக் கை.

மிக்ஜாமுக்குப் பிறகு எனக்குச் சில பழக்கங்கள் வந்தன. தொடர்களைத் தவிர வேறு எதையும் மூன்று வாரத்துக்கு மேல் வரிசையில் வைப்பதில்லை. கையிருப்பு அதிகமானால் அவை ட்ராஃப்டிலேயே ஊறட்டும். ஊருக்குப் போனால் வரிசையின் பட்டியலைச் சித்தி மகளுக்கு வாட்ஸப்பில் அனுப்பிவிட்டுப் போகிறேன், தலைப்பும் தேதியும் ஒரு வரியில் விஷயமும். சாவு, தேர்தல் முடிவு, ஊரைப் பாதிக்கும் மழை, விபத்து என்றால் என்னைக் கேட்காமலே நிறுத்தலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். பின்னூட்டங்களுக்கு மட்டும் ஷெட்யூல் கிடையாது. எட்டரை மணி பஸ்ஸில் நான்தான் பதில் எழுத வேண்டும், டொரொண்டோக்காரர்கள் அதற்குள் தூங்கப் போயிருப்பார்கள்.

ஒரே தொல்லை, அனுமதியைக் கொடுத்தது அவளுக்கு வேறு ருசியைக் காட்டிவிட்டது. வரிசையில் இருக்கும் பதிவுகளைத் திறந்து ஒற்றுப்பிழை திருத்த ஆரம்பித்தாள். அப்புறம் தலைப்பை மாற்றினாள். "அக்கா, நீங்க எப்பவும் முடிஞ்ச பிறகும் ஒரு பத்தி பேசுறீங்க" என்று போன வாரம் வரிசையில் இருந்த ஒரு பதிவின் கடைசிப் பத்தியையே தூக்கிவிட்டாள். பதிவு வெளியாகி, வாசகர்களும் வந்து போய்விட்டார்கள். நான் அதைத் திரும்பச் சேர்க்கவில்லை.